குறையுணராமையும் முறையீடும்: இலேசான அறிதிறன் குறைபாட்டு வரையறையின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தமக்கு நேர்ந்துள்ள குறையை நோயாளி தாமே அறியாதிருக்கும் நிலையை நரம்பியலார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே விவரித்துள்ளனர். ஆயினும் 1999இல் வகுக்கப்பட்ட இலேசான அறிதிறன் குறைபாட்டு வரையறை, மறதி குறித்த முறையீட்டைத் தன் முதல் நிபந்தனையாகக் கொண்டது. இவ்விரு மரபுகளும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தமைக்கான காரணத்தையும், பின்னர் அந்நிபந்தனை தளர்ந்த விதத்தையும், நோயாளிக்கு மாற்றாக அமர்த்தப்பட்ட தகவலாளரின் சொல் தமிழகக் களத்தில் எதிர்கொண்ட சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குறையுணராமை, இலேசான அறிதிறன் குறைபாடு, முறையீடு, தகவலாளர், மருத்துவ வரலாறு, முதுமை.

முன்னுரை

மருத்துவம் பெரும்பாலும் முறையீட்டில் தொடங்குகிறது. வயிறு வலிக்கிறது என்று ஒருவர் வந்து சொன்ன பிறகே மருத்துவரின் பணி தொடங்கும். உடலின் பிற உறுப்புகள் பழுதுறும்போது அப்பழுதை உணர்ந்து சொல்வதற்கு மூளை இருக்கிறது. மூளையே பழுதுறும்போது சொல்ல வேண்டிய உறுப்பும் பழுதுற்ற உறுப்பும் ஒன்றாகிவிடுகின்றன. நினைவாற்றலில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. தாம் மறந்ததை ஒருவர் நினைவில் வைத்திருந்தால்தான் மறதியைப் பற்றி முறையிட முடியும்.

இயல்பான முதுமைக்கும் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கும் இடைப்பட்ட நிலையை இன்றைய மருத்துவம் இலேசான அறிதிறன் குறைபாடு என வழங்குகிறது. இந்நிலையில் உள்ளவர் நாள்தோறும் செய்யும் பணிகளைப் பெருமளவு தாமே செய்துகொள்வார். நினைவுச் சோதனையில் மட்டும் வயதுக்குரிய அளவினும் தாழ்ந்திருப்பார். இவர் தம் குறையை அறிவாரா என்பது மருத்துவ வினாவாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அதற்கொரு வரலாற்று முகமும் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். யாருடைய சொல்லை நம்பி நோயை வரையறுத்தார்கள் என்பதைப் பொறுத்து, நோயாளி எனக் கணக்கில் வருபவர்களே மாறிவிடுகின்றனர்.

சொல்லும் தமிழாக்கமும்

'அனோசொக்னோசியா' என்னும் கலைச்சொல் இன்மை, நோய், அறிவு ஆகிய பொருள்களைத் தரும் மூன்று கிரேக்கக் கூறுகளால் ஆனது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நோயறியாமை' என வரும். ஆனால் அத்தொடர் நோயைக் கண்டறியத் தெரியாத மருத்துவரின் அறியாமையையும் குறிக்க இடம் தருகிறது. மேலும் இங்கு அறியப்படாமல் இருப்பது நோயின் பெயரன்று, குறை. தமக்கு மறதிநோய் என்று மருத்துவர் கூறியதை ஏற்றுக்கொண்டவரும், 'ஆனால் நான் எதையும் மறப்பதில்லை' என்று அடுத்த நொடியே கூறுவதுண்டு. எனவே 'குறையுணராமை' என்ற சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. 'மறுப்பு' என்னும் சொல்லை இதற்கு ஈடாகப் பயன்படுத்துவது பொருந்தாது. அறிந்த ஒன்றைத்தான் மறுக்க இயலும். இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நரம்பியலாரையும் உளமருத்துவரையும் பிரித்து நிறுத்தியது இதுவே.

இருண்ட வீடு

இந்நிலை பற்றிய பழைய பதிவுகளுள் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது ரோமானியத் தத்துவ அறிஞர் செனெக்கா லூசிலியசுக்கு எழுதிய ஐம்பதாம் மடலாகும். செனெக்காவின் மனைவியிடம் ஹர்ப்பாஸ்டே என்ற விதூடகப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் திடீரெனப் பார்வை போயிற்று. போனதை அவள் அறியவில்லை. வீடு இருட்டாக இருக்கிறது, வேறிடத்துக்கு அழைத்துச் செல் என்று தன்னைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். செனெக்காவுக்கு இது மருத்துவச் செய்தி அன்று. தம் குற்றங்களைத் தாமே காணாத மனிதர்க்கு அவளை உவமையாக்குகிறார். ஆயினும் ஒரு நுட்பம் அவர் எழுத்தில் தப்பாமல் பதிவாகியுள்ளது. அப்பெண் வெறுமனே அறியாதிருக்கவில்லை. அறியாமையால் ஏற்பட்ட வெற்றிடத்தை ஒரு விளக்கத்தால் நிரப்பினாள். குறை தன்னிடம் இல்லை, வீட்டில் இருக்கிறது. பணப்பையை வைத்த இடம் மறந்த முதியவர் அது திருட்டுப் போயிற்று என்று உறுதியாகக் கூறும்போதும் இதே நிரப்புதலே நிகழ்கிறது.

மருத்துவ இலக்கியத்தில் இது நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1885இல் கான்ஸ்டன்டின் ஃபொன் மொனக்கோவ் பெருமூளைப் புறணிச் சிதைவால் பார்வையிழந்தும் அதனை அறியாதிருந்த நோயாளியைப் பற்றி எழுதினார். 1899இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரைச் சேர்ந்த கேப்ரியல் அன்டன் வெளியிட்ட கட்டுரை இன்னும் விரிவானது. அவர் விவரித்தவர்களுள் ஒருவர் 56 வயதுத் தையல்காரப் பெண். அவர் தம் பார்வையிழப்பை அறியவில்லை. ஆனால் பேசும்போது சொற்கள் அகப்படாமல் தடுமாறுவதை அவர் அறிந்திருந்தார். அது குறித்துக் குறைப்பட்டுக்கொண்டார்.

அன்டனின் குறிப்பில் மிக முக்கியமானதாக இக்கட்டுரையாளர் கருதுவது இந்தப் பகுதியையே. ஒரே மனிதர் சிறிய குறையை உணர்கிறார், பெரிய குறையை உணரவில்லை. எனவே குறையுணராமை என்பது பொதுவான மதிமயக்கமோ அறிவுக்குறைவோ அன்று. ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியே நேரக்கூடியது. தம் உணர்வு முழுமையாக உண்டு அல்லது அறவே இல்லை என்ற இருமை அன்றே உடைந்துவிட்டது. நூறாண்டு கழித்தும் மருத்துவமனைப் பதிவேடுகளில் 'நோயுணர்வு உண்டு, இல்லை' என்ற ஒற்றைக் கட்டம் நீடிப்பது வியப்புக்குரியது.

பாரிசு, 1914

1914 ஜூன் மாதம் பாரிசு நரம்பியல் கழகக் கூட்டத்தில் ஜோசப் பாபின்ஸ்கி இடப்பக்க வாதத்தால் கை கால் செயலிழந்தும் அதனை அறியாதிருந்த நோயாளிகளைப் பற்றிப் பேசினார். 'அனோசொக்னோசியா' என்ற சொல் அங்கேதான் பிறந்தது. குறையை அறிந்தும் அதனைப் பொருட்படுத்தாத நிலைக்கு அவர் வேறொரு பெயரும் தந்தார். நோயாளி வேண்டுமென்றே மறைக்கிறாரோ என்ற ஐயத்தையும், வலப்பக்க மூளைச் சேதத்தோடு இதற்குத் தனித்தொடர்பு உண்டோ என்ற வினாவையும் அவரே எழுப்பினார்.

பெயர் கிடைத்ததால் ஆய்வு வளர்ந்தது. அதே பெயரால் அதற்கொரு வேலியும் விழுந்தது. அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் குறையுணராமை என்றால் வாதமும் பார்வையிழப்புமே நினைவுக்கு வந்தன. வாதத்தால் தொங்கும் கையைத் தூக்கச் சொன்னால் உண்மை அங்கேயே கண்முன் தெரிந்துவிடும். மறதிக்கு அத்தகைய காட்சி இல்லை. நரம்பியலாரின் கண்ணுக்கு மறதி இவ்வகையில் தென்படாமல் போனதற்கு இது ஒரு காரணமாகலாம்.

மறுப்பா, இழப்பா?

1955இல் எட்வின் வைன்ஸ்டைனும் ராபர்ட் கானும் எழுதிய 'நோய் மறுப்பு' பற்றிய நூல், இந்நிலையை மனத்தின் தற்காப்பாகவும் விளக்கியது. தாங்க முடியாத உண்மையை மனம் தள்ளிவைக்கிறது. நோயாளியின் முந்தைய இயல்பும் அதில் பங்கு பெறுகிறது என்பது அவர்தம் வாதத்தின் சாரம்.

1987இல் இத்தாலிய ஆய்வாளர்களான கப்பா, பிசியாக் முதலியோர் வெளியிட்ட முடிவு இவ்விளக்கத்தை நெருக்கடிக்கு உள்ளாக்கியது. நோயாளியின் இடக்காதில் குளிர்நீர் செலுத்திச் சமநிலைப் புலனைத் தூண்டியபோது, சிலருக்குக் குறையுணராமை சிறிது நேரம் விலகியது. தூண்டுதலின் விளைவு தணிந்ததும் திரும்பி வந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன் 1995இல் வெளியிட்ட கட்டுரையிலும் இச்சோதனை இடம்பெறுகிறது. குளிர்நீரின் தூண்டுதலில் இருந்தபோது, தம் கை சில நாள்களாகவே செயலற்றிருப்பதாக ஒரு பெண் ஒப்புக்கொண்டார். விளைவு நீங்கிய பின் குறையை மட்டுமன்றித் தாம் ஒப்புக்கொண்டதையும் மறுத்தார். செய்தி உள்ளே எங்கோ பதிந்திருந்தது, அதற்குச் செல்லும் வழிதான் அடைபட்டிருந்தது என்றே இதிலிருந்து கொள்ள வேண்டும். தற்காப்பு மறுப்பு ஒன்றே முழு விளக்கமாயின் காதில் ஊற்றிய நீர் அதனைக் கரைத்திருக்க வழியில்லை.

மறதியின் தனி வரலாறு

முதுமை மறதி பற்றிய மருத்துவ எழுத்து இதற்கு இணையாக வேறொரு தடத்தில் சென்றது. 1901 நவம்பரில் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகுஸ்ட்டே டி. என்ற 51 வயதுப் பெண்ணே அல்சைமர் நோயின் முதல் நோயாளியாக அறியப்படுகிறார். அலோயிஸ் அல்சைமர் கைப்பட எழுதிய அவருடைய மருத்துவக் கோப்பு 1995இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. தம் பெயரை எழுதச் சொன்னபோது எழுத முடியாமல் திணறிய அப்பெண், தம்மையே தாம் தொலைத்துவிட்டதாகக் கூறியது அதில் பதிவாகியுள்ளது. நோய் முற்றிய நிலையிலும் இழப்பைப் பற்றிய ஏதோ ஓர் உணர்வு அவரிடம் எஞ்சியிருந்தது. பின்வந்த பாடநூல்களில் மூளைத் திசுக்களில் கண்ட படிவுகளும் முடிச்சுகளும் பெற்ற இடத்தை இக்கூற்று பெறவில்லை.

1962இல் மாண்ட்ரியலில் பணியாற்றிய வி. ஏ. கிரால் முதியோரிடம் இருவகை மறதியைப் பிரித்துக் காட்டினார். தீங்கற்ற மறதியில் நிகழ்ச்சி நினைவிருக்கும், அதன் பெயரோ தேதியோ அகப்படாது. அவர் தம் குறையை அறிவார், அதற்காக வருத்தமும் தெரிவிப்பார். தீங்கான மறதியில் அண்மை நிகழ்ச்சியே முழுதாக அழிந்துபோகும். அழிந்தது என்ற உணர்வும் இருக்காது. நாஜிகளின் தெரேசின்ஷ்டாட் முகாமிலிருந்து மீண்டவரான கிரால், பாபின்ஸ்கியின் கலைச்சொல்லை முன்னிறுத்தாமலேயே அது சுட்டிய பொருளை முதுமை மறதியின் மையத்தில் வைத்துவிட்டார். தன்னுணர்வே இங்கு நோயின் தன்மையைப் பிரிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாயிற்று.

இதன் உட்பொருள் பின்னாளில் கவனிக்கப்படவில்லை. குறை சொல்பவரைவிடச் சொல்லாதவரைப் பற்றியே மருத்துவர் மிகுதியாகக் கவலைப்பட வேண்டும் என்பது கிராலின் பகுப்பிலிருந்து நேரடியாகக் கிடைக்கும் முடிவு. ஆனால் 1986இல் தாமஸ் குரூக் தலைமையிலான அமெரிக்கக் குழு 'வயதுசார் நினைவுக் குறைபாடு' என்ற பிரிவை உருவாக்கியபோது, 50 வயது கடந்தவர் அன்றாட வாழ்வில் மறதி இருப்பதாக முறையிடுவதை நிபந்தனையாக்கியது.

1982இல் பேரி ரெய்ஸ்பெர்க் குழுவினர் வெளியிட்ட ஏழுபடிச் சரிவு அளவுகோல் இவ்வகையில் இன்னும் கவனத்துக்குரியது. அதன் இரண்டாம் படியில் உள்ளவர் முறையிடுகிறார். சோதனையில் எதுவும் தெரிவதில்லை. மூன்றாம் படியில் சோதனையில் குறை தெரிகிறது. அப்படியிலேயே நோயாளியிடம் மறுப்பு தலைகாட்டத் தொடங்குகிறது என்று அளவுகோலின் விளக்கம் கூறுகிறது. 'இலேசான அறிதிறன் குறைபாடு' என்ற பெயரை இக்குழுவினர் பின்னர் வழங்கியது இந்த மூன்றாம் படிக்கே. ஆக, அப்பெயரைத் தாங்கிய நிலையின் முதல் விவரிப்பிலேயே முறையீடு குறைந்து மறுப்பு தொடங்கும் இடமாக அது சித்திரிக்கப்பட்டது.

1999ஆம் ஆண்டின் ஐந்து நிபந்தனைகள்

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் ரொனால்ட் பீட்டர்சன் குழுவினர் 76 பேரை, நலமுள்ள 234 பேருடனும் இலேசான அல்சைமர் நோயுற்ற 106 பேருடனும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் போக்கையே மாற்றியது. அவர்கள் விதித்த நிபந்தனைகள் ஐந்து: மறதி குறித்த முறையீடு, இயல்பான அன்றாடச் செயல்பாடு, இயல்பான பொது அறிதிறன், வயதுக்கு மீறிய நினைவுக் குறைவு, மறதிநோய் இன்மை. அடுத்து வந்த பதிப்புகளில் முதல் நிபந்தனையோடு 'இயன்றவரை தகவலாளரால் உறுதிசெய்யப்பட்ட' என்ற அடை சேர்ந்தது.

முறையீட்டை முதலில் வைத்ததற்கு நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு நாளின் மதிப்பெண் ஒருவர் இன்றிருக்கும் அளவைக் காட்டுமே தவிர, அவர் முன்பு எப்படி இருந்தார் என்பதைக் காட்டாது. பள்ளி செல்லாதவரும் தேர்வச்சம் கொண்டவரும் நினைவுச் சோதனையில் தாழ்வாகவே பெறக்கூடும். மாற்றம் நேர்ந்துள்ளதா என்பதை அறிய, முன்பையும் பின்பையும் ஒருங்கே அறிந்த ஒருவரின் சொல் தேவை. நோயாளியே அந்த ஒருவர் என 1999இன் வரையறை கொண்டது.

சிக்கல் அங்கேதான் எழுகிறது. தம் குறையை உணராதவர் முறையிட மாட்டார். முறையிடாதவர் ஆய்வில் சேர மாட்டார். இவ்வாறு வடிகட்டிய குழுவிடம் 'உம் குறையை நீர் அறிவீரா' என்று வினவினால், அறிவோம் என்ற விடை மிகுதியாக வருவது இயல்பு. இலேசான அறிதிறன் குறைபாட்டில் தன்னுணர்வு பெரும்பாலும் சிதையாதிருக்கிறது என்று சில ஆய்வுகளும், ஏற்கெனவே சிதையத் தொடங்கிவிட்டது என்று வேறு சில ஆய்வுகளும் கூறியதற்கு, நோயாளிகளைத் தேர்ந்த வழி ஒரு முதன்மையான காரணம் என்பது இக்கட்டுரையாளரின் முடிவு. சொல்லத் தெரிந்தவர்களை மட்டும் அழைத்துச் சொல்லாற்றலை அளந்ததற்கு இது ஒப்பாகும்.

நிபந்தனையின் தளர்வு

2003இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டு அறிஞர்களின் முடிவுகளை 2004இல் பெங்க்ட் வின்பிளாட் முதலியோர் வெளியிட்டனர். அதில் நோயாளியோ தகவலாளரோ இருவருமோ தெரிவிக்கும் வீழ்ச்சி போதுமானதாயிற்று. 2011இல் அமெரிக்க முதுமை ஆய்வு நிறுவனமும் அல்சைமர் சங்கமும் வகுத்த அளவுகோல், நோயாளி, அவரை நன்கறிந்த தகவலாளர், தேர்ந்த மருத்துவர் ஆகியோருள் எவரேனும் தெரிவிக்கும் கவலையை ஏற்றது. 2018இல் அமெரிக்க நரம்பியல் கழகத்தின் வழிகாட்டுதல், மூத்தோர்க்கான ஆண்டுப் பரிசோதனையில் மறதி உண்டா என்று கேட்டுப் பெறும் விடையை மட்டும் நம்பலாகாது என்று பரிந்துரைத்தது.

வடக்கயிற்றை நீளவிட்டதுபோல் ஒவ்வொரு திருத்தமும் நிபந்தனையைச் சற்றுத் தளர்த்தியது. ஏன் தளர்த்த வேண்டியதாயிற்று என்ற வினா அவ்வாவணங்களில் மையப் பொருளாக விவாதிக்கப்படவில்லை. அதற்கான விடை வேறு ஆய்வுகளிலிருந்து வந்தது. முதியோரை ஆண்டுதோறும் தொடர்ந்து கண்காணித்து ராபர்ட் வில்சன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பின்னர் மறதிநோய்க்கு ஆளானவர்களின் நினைவுத் தன்னுணர்வு, நோய் தொடங்குவதற்குச் சராசரியாக 2.6 ஆண்டுகளுக்கு முன்புவரை நிலையாக இருந்து, அதன் பின் விரைந்து சரிந்தது. அந்தச் சரிவின் காலம் இலேசான அறிதிறன் குறைபாட்டின் காலமே. கிராலும் ரெய்ஸ்பெர்க்கும் மருத்துவமனை அனுபவத்தால் கூறியது இங்கே நெடுங்காலத் தரவாகக் கிடைத்தது.

இச்சரிவு ஏன் நிகழ்கிறது என்பதற்கு ஆக்னியூவும் ராபின் மோரிசும் 1998இல் தந்த மாதிரி எளிமையானது. நம் திறன்களைப் பற்றிய ஒரு பதிவேட்டை நாம் உள்ளே வைத்திருக்கிறோம். தவறு நேரும்போது ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு செயல்முறை அதனைக் கண்டுகொள்கிறது. கண்டதைப் பதிவேட்டில் ஏற்ற நினைவாற்றல் வேண்டும். அது இல்லாதபோது பதிவேடு பழைய ஆண்டிலேயே நின்றுவிடுகிறது. தவறிய அந்த நொடியில் முதியவர் திகைக்கிறார், வருந்துகிறார். மாலையில் கேட்டால் தம் நினைவு முன்போலவே இருக்கிறது என்கிறார். இரண்டும் உண்மையான கூற்றுகளே. அவரைப் பிடிவாதக்காரர் என்றோ நடிப்பவர் என்றோ வீட்டார் முடிவுசெய்வது இதனை அறியாமையால்தான்.

தகவலாளரும் வேலூரும்

குறையுணராமையை அளக்க இன்று பெரிதும் கையாளப்படும் முறை, ஒரே வினாப்பட்டியலை நோயாளியிடமும் உறவினரிடமும் தந்து, இருவர் விடைகளுக்குமான வேறுபாட்டைக் கணக்கிடுவது. இம்முறை உறவினரின் சொல்லை உண்மையின் அளவாகக் கொள்கிறது. நாட்டார் வழக்காற்றியல் கள ஆய்வில் பயின்றோர்க்குத் தகவலாளர் என்னும் சொல் புதிதன்று. தகவலாளர் தாம் நிற்கும் இடத்திலிருந்தே பேசுகிறார் என்பது அங்கு முதற்பாடம். சோர்வுற்ற மகள் குறையை மிகுத்துக் கூறலாம். தந்தையின் மதிப்பைக் காக்க விரும்பும் மகன் குறைத்துக் கூறலாம்.

10/66 மறதிநோய் ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரைச் சுற்றிய ஊர்ப்புறத்திலும், சீனம், இலத்தீன் அமெரிக்கா முதலிய பகுதிகளிலும் 65 வயது கடந்தோரிடம் நடத்திய கணக்கெடுப்பு 2008இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டின் நான்காம் பதிப்பைப் பின்பற்றியபோது மறதிநோயின் பரவல் கியூபாவில் 6.3 விழுக்காடாகவும், இந்திய ஊர்ப்புறத்தில் 0.3 விழுக்காடாகவும் வந்தது. குழு தானே உருவாக்கிய கணிப்பு முறையைப் பயன்படுத்தியபோது எல்லாக் களங்களின் அளவும் உயர்ந்து 5.6 முதல் 11.7 விழுக்காட்டுக்குள் அடங்கியது. களங்களுக்கிடையிலான பெரும் இடைவெளியும் குறைந்தது. வளர்ச்சி குன்றிய களங்களில் தகவலாளர்கள் அறிதிறன் வீழ்ச்சியையும் சமூக வாழ்வின் பாதிப்பையும் குறைவாகவே தெரிவித்திருந்தனர்.

இதே குழு 2012இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மறதிசார் இலேசான அறிதிறன் குறைபாட்டின் பரவல் சீனத்தில் 0.8 விழுக்காடு என மிகக் குறைவாகவும், இந்தியாவில் 4.3 விழுக்காடு என மிகுதியாகவும் இருந்தது. இரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். வீட்டார் கண்ணுக்குச் செயலிழப்பு தெரியாதபோது, மறதிநோய் என்று எண்ணப்பட வேண்டியவருள் சிலர் 'அன்றாடச் செயல்பாடு இயல்பு' என்ற நிபந்தனையைக் கடந்து இலேசான குறைபாட்டின் பட்டியலில் விழுந்திருக்கக்கூடும். இது தரவால் நிறுவப்பட்ட முடிவன்று. கள ஆய்வால் சோதிக்க வேண்டிய ஊகமே.

ஊகத்துக்கு அடிப்படை நம் வீடுகளின் அமைப்பில் உள்ளது. அறுபதைக் கடந்த தாயிடமிருந்து அடுப்படி மருமகளிடம் செல்வதும், தந்தையிடமிருந்து வங்கிக் கணக்குப் புத்தகம் மகனிடம் செல்வதும் நோயால் நிகழ்வன அல்ல, முறைமையால் நிகழ்வன. மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் பேருந்தில் துணைக்குச் செல்வதும் மரியாதையின் பகுதி. பத்தாண்டுகளுக்கு முன்பே கைமாறிய வேலையில் இன்று அவர் தடுமாறுவாரா என்பதைக் காண வாய்ப்பே இல்லை. 'முன்பு செய்த வேலைகளை இப்போதும் அவரால் செய்ய முடிகிறதா?' என்னும் வினாவுக்கு மருமகள் தரும் 'முடியும்' என்ற விடை பொய்யன்று. அவர் கடைசியாக அதனைச் செய்து மருமகள் பார்த்த ஆண்டைத் தகவலாளர் வினாப்பட்டியலில் தனியே கேட்டுக் குறிக்க ஓர் இடம் வேண்டும்.